நீ வாங்கச் சொன்ன தூண்டில்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். அங்கே நீயும் உன் மனைவியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்தவன் குடும்பத்துக்கு யோசனை சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் சௌக்கியமாகத்தான் இருப்பார்கள். போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் என்றால் நீ "சரிண்ணே, சரிண்ணே" என்று சொல்லிக்கொண்டே டிவி பார்ப்பாய், எனக்குத் தெரியாதா? தவிர, இந்த வீட்டில் நான் தும்மினால்கூட எல்லா அறைக்கும் கேட்கும். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, முழுதாகப் படி.

நேராகவே கேட்கிறேன். "அப்பா கையில ஒரு தூண்டிலக் குடுத்து ஏரிக்கு அனுப்புடா, மனுஷன் சாந்தமாயிடுவாரு" என்று என் மகனிடம் சொன்னது நீதானே? இல்லை என்று சொல்லாதே. "சித்தப்பாதான் சொன்னாரு" என்று அவனே சொல்லிவிட்டான். வாழ்க்கையில் ஒரு தடவையாவது தூண்டிலைக் கையில் பிடித்திருக்கிறாயா நீ? சாப்பாட்டு மீனில் முள் எடுத்துக் கொடுக்கவே உனக்கு இன்னொரு ஆள் வேண்டும். உனக்கு எங்கிருந்து வந்தது இந்த ஞானம்? நான் எதற்குச் சாந்தமாக வேண்டும்? நான் என்ன கடித்தேனா?

ஓய்வு பெற்ற பிறகு நான் வீட்டில் சும்மா இருந்தேன் என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். ஆடுகிற ஒன்றைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போக என் கை சம்மதிக்காது. மகன் வீட்டுக்கு வந்த முதல் மாதமே நாற்காலிகளின் ஆட்டத்தை நிறுத்தினேன். மின்விசிறியின் ஆட்டத்தை நிறுத்தினேன். குழாய் சொட்டுவதை நிறுத்தினேன். அதன் பிறகு அந்தக் குழாயைத் திறக்க மருமகள் குறடு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம், சொட்டுவது நின்றதா இல்லையா? காற்றில் அடித்துக்கொண்டிருந்த கூடத்து ஜன்னலைச் சரிசெய்தேன். மறுநாள் மருமகள் வந்து, "மாமா, ஜன்னல் திறக்க மாட்டேங்குதே" என்றாள். "திறக்காதும்மா. இனிமே அடிச்சுக்காது" என்றேன். அவள் ஜன்னலையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், சிரித்தாள். நல்ல பெண், அதிர்ந்து பேசமாட்டாள். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள். அந்தச் சிரிப்பை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரமே மகன் என்னைத் தூண்டில் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

கடை என்று சொன்னால் போதாது. சுவர் முழுக்கக் கம்புகள், கண்ணாடிப் பெட்டி முழுக்க ரீல்கள். கம்பு என்றால் ஒரு கம்பு, நூல் சுற்ற ஒரு உருளை, முனையில் ஒரு முள், இவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டு போனேன். விற்பனைக்காரர் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார், பெண் கொடுக்கிறவர்கூட அவ்வளவு கேட்கமாட்டார். ஏரியா, ஆறா, கடலா? கரையிலிருந்தா, படகிலிருந்தா? சின்ன மீனா, பெரிய மீனா? வலது கையால் சுற்றுவீர்களா, இடது கையாலா? "இன்னும் ஒரு மீனும் வரலையே, அதுக்குள்ள எந்தக் கைன்னு எப்படிச் சொல்றது?" என்றேன். மகன் குறுக்கே வந்து, "ஏதாவது ஒண்ணு குடுங்க சார். காலைல போனா மத்தியானம் வரைக்கும் பொழுது போகணும்" என்றான். அவர் ஒல்லியாக ஒரு கம்பை எடுத்து நீட்டினார். கையில் வாங்கி ஓர் ஆட்டு ஆட்டினேன். நுனி அப்படியே நெளிந்துகொண்டு போகிறது. "வளையுதே" என்றேன். "வளையணும் சார். வளைஞ்சாத்தான் தாங்கும். ஏரிக்கு இது போதும்" என்றார். தம்பி, நீயே சொல். வளைகிற ஒன்றை நம்பி என் ஆயுளில் நான் எதையாவது தொங்கவிட்டிருக்கிறேனா? கடையில் இருந்த கம்பையெல்லாம் வளைத்துப் பார்த்தேன். கடைசியில் மூலையில் ஒன்று நின்றது. பன்னிரண்டு அடி. என் கட்டைவிரலைவிடத் தடிமன். எவ்வளவு அழுத்தினாலும் அசையவில்லை. "இது கடற்கரையில நின்னு அலைக்கு அந்தாண்ட வீசுறது சார்" என்றார். "கடலுக்கே தாங்குறது ஏரிக்குத் தாங்காதா?" என்று கேட்டேன். அவர் கம்பைத் துடைத்துக் கையில் கொடுத்தார். ரீலும் அப்படியே பார்த்து எடுத்தேன், இருப்பதிலேயே கனமானதாக. மகன் பணத்தை எடுத்துக் கொடுத்தான்.

கிளம்பும்போது விற்பனைக்காரர் பராமரிப்பைப் பற்றி ஒரு பாட்டம் சொன்னார். வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் லேசாக அலசித் துடைக்க வேண்டுமாம். எண்ணெய் ஒரு சொட்டுக்கு மேல் கூடாதாம். வைக்கும்போது முன்னால் இருக்கிற திருகைத் தளர்த்தி வைக்க வேண்டுமாம். கம்பு நடுவில் இரண்டாகக் கழலும், கழற்றி உறையில் போட்டு நிறுத்தி வைக்க வேண்டுமாம். பராமரிப்பு என்பதை எனக்கே சொல்லிக் கொடுக்கிறார்! தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கம்பை மாட்டிப் பார்த்தால், அந்த நடு மூட்டில் ஓர் ஆட்டம். மெல்லிய ஆட்டம்தான், மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. இரண்டு டியூபைக் கலந்து பூசுவார்களே, இரும்பையே ஒட்டுகிற பசை, அதை எடுத்து மூட்டில் பூசி ஒரு பொழுது முழுக்கக் காயவிட்டேன். ஆட்டம் நின்றது. பன்னிரண்டு அடிக் கம்பு பன்னிரண்டு அடியாகவே நின்றது, என்றைக்கும்.

அது லிப்டுக்குள் போகாது என்பது மறுநாள் காலைதான் தெரிந்தது. சிரிக்காதே. வாழ்க்கை முழுக்க ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்கியவன் ஐந்தாவது மாடியிலிருந்து படியில் இறங்கினேன். படியில் திருப்பத்துக்குத் திருப்பம் கம்பு இடித்தது. கடைசியில் படிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் அதை நட்டுக்குத்தலாக விட்டுப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மூன்றாவது மாடி அம்மாள் கதவைத் திறந்தவள், எதிரே ஒரு கம்பு மட்டும் தானாகக் கீழே போவதைப் பார்த்துக் கத்திவிட்டாள். பஸ்ஸில் ஏற்றமாட்டோம் என்றார்கள். ஏரிவரை நடை. வழியில் ஒருவர், மரியாதையாகத்தான், "ஒட்டடை அடிக்க வீட்டுக்கும் வருவீங்களா?" என்று கேட்டார். வீட்டுக்குத் திரும்பினால் அதை வைக்க இடமில்லை. எந்தச் சுவரிலும் நிற்காது. கூடத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு, இடுப்பு உயரத்தில், இரண்டு கொக்கி அடித்துக் குறுக்காக மாட்டினேன். சமையலறைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் குனிந்து போக வேண்டும். உடம்புக்கு நல்லதுதான்.

ஏரிக்கரையில் ஒரு பேராசிரியர் பழக்கமானார். அவரும் ஓய்வு பெற்றவர்தான். முதல் நாள் அவர் என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. "உங்க ரீல்ல எத்தனை பேரிங்?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் அவருக்கு வைத்த பெயர் பேரிங். அவரிடம் ஐந்து கம்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு ரீலுக்கும் தனித்தனி வெல்வெட் பை. காலையில் வந்ததும் பாயை விரித்து ரீல்களை வரிசையாக வைப்பார். ஊசி முனையால் எண்ணெய் விடுவார். மெல்லிய துணியால் துடைப்பார். கைப்பிடியைச் சுற்றிக் காதருகே வைத்துக் கேட்பார். வெயில் ஏறினால் மறுபடி பைக்குள் போடுவார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "எப்ப சார் வீசுவீங்க?" என்று கேட்டேன். "தண்ணில போட்டா கெட்டுப் போயிடும்" என்றார். ஆளைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீரைப் பார்த்தபடி அவரைப் போல இன்னும் பலர் கரை நெடுக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரோடும் அதிகம் பேசுவதில்லை.

இப்போது ரீல் விஷயத்துக்கு வருகிறேன், கவனமாகப் படி. முதல் வாரமே அதில் ஒரு பெரிய கோளாறைக் கண்டுபிடித்தேன். நூலைப் பிடித்து இழுத்தால் ரீல் வழுக்கிக்கொண்டு நூலை விட்டது. டிர்ரென்று ஒரு சத்தம் வேறு. பேரிங்கிடம் காட்டினேன். "அதான் சார் டிராக். பிரேக் மாதிரி. மீன் இழுத்தா விட்டுக் குடுக்கும்" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் தொழிலில் பிரேக் விட்டுக் கொடுத்தால் அதற்குப் பெயர் விபத்து. விசாரணை வரும், பேப்பரில் போட்டோ வரும். பிரேக் என்று ஒன்றை வைத்துவிட்டு அது வழுக்குவதற்கு என்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்? வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் மருமகளின் வெள்ளை விரிப்பின் மேல் வைத்து ரீலின் தலையைக் கழற்றினேன். உள்ளே மெத்து மெத்தென்று துணி வட்டுகள். பிரேக்குக்குத் துணி! எடுத்து எறிந்தேன். பித்தளைத் தகட்டில் வட்டு வெட்டி, அடுக்கி, ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். பிறகு கதவுக் கைப்பிடியில் நூலைக் கட்டி இழுத்துப் பார்த்தேன். கைப்பிடி கையோடு வந்தது, ரீல் அசையவில்லை. அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் தானாகவே, "நானும் வர்றேன்பா" என்றான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் நான் ஏதாவது ஒரு லிப்ட் குழியில் கிடந்தேன். எனக்கு நேரம் கிடைத்தபோது அவனுக்கு இல்லை. இரண்டு பேரும் ஒன்றாக எங்காவது போய் எவ்வளவு காலமாயிற்று என்று இருவருக்குமே தெரியாது. கரையில் கம்பை அவன் கையில் கொடுத்தேன். என்ன அதிசயமோ, அத்தனை நாளாக என்னை ஏறெடுத்தும் பார்க்காத மீன் அன்றைக்கு வந்தது. தக்கை ஒரேயடியாக உள்ளே போயிற்று. கெளுத்தியாகத்தான் இருக்க வேண்டும், பெரிய கெளுத்தி. கரையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நின்றார்கள். பேரிங்கூட ரீலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "விடுங்க, விடுங்க, ஓடவிடுங்க!" என்று கத்தினார். "விடாதடா, பிடி!" என்று நான் கத்தினேன். கம்பு வளையவில்லை. ரீல் அசையவில்லை. என் கம்பும் என் பிரேக்கும் சொன்னபடி கேட்டன. நூல்தான் கேட்கவில்லை. துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம். மகன் மல்லாந்து சேற்றில் விழுந்தான். சட்டைப் பையிலிருந்த போன் ஏரியில் விழுந்தது.

எழுந்து வந்து ரீலைக் கையில் எடுத்துத் திருகைத் திருப்பிப் பார்த்தான். திரும்பவில்லை.

"இத என்னப்பா பண்ணீங்க?"

"வழுக்கிச்சு. சரி பண்ணேன்."

"வழுக்கத்தான்பா அத வச்சிருக்கான். மீன் இழுக்கும்போது விட்டுக் குடுக்கணும். ஓடி ஓடிக் களைச்சுப் போய் அதுவா கிட்ட வரும்."

"விட்டா போயிடாதா?"

"இப்ப மட்டும் என்ன, போகலயா?"

வரும் வழியில் கம்பின் பின் முனையை அவன் பிடித்துக்கொண்டான், முன் முனையை நான். ஏணி தூக்கிப் போகிறவர்கள் மாதிரி, நடுவில் பன்னிரண்டு அடி விட்டு, வீடுவரை நடந்தோம். பேசியிருந்தாலும் கேட்டிருக்காது. எனக்கு வெட்கமாக இருந்தது தம்பி. மீன் போனதற்கு இல்லை. அவன் இனிமேல் வரமாட்டான் என்று தெரிந்துவிட்டது. அதற்கு.

சரி, இனியாவது ஒழுங்காகப் பராமரிப்போம் என்று ரீலை முழுக்கப் பிரித்தேன். பித்தளை வட்டுகளை எடுத்துவிட்டு, குப்பையிலிருந்து பொறுக்கி வைத்திருந்த துணி வட்டுகளைத் திருப்பிப் போட்டேன். என்னை யாரும் பிடிவாதக்காரன் என்று சொல்லக்கூடாது. பல்சக்கரங்களைத் துடைத்தேன். ஒரு சொட்டு எண்ணெய் என்று விற்பனைக்காரர் சொன்னது நினைவிருந்தது. ஆனால் ஒரு சொட்டு எண்ணெயில் எந்த இயந்திரம் ஓடும்? என்னிடம் பழைய கிரீஸ் டப்பா ஒன்று இருந்தது, லிப்ட் தண்டவாளத்துக்குப் பூசுவது. அதை வழித்து ரீல் நிறைய அடைத்தேன். மாட்டி முடித்ததும் ஒரு குட்டி ஸ்பிரிங் மிச்சம் இருந்தது. அதிகப்படியாகப் போட்டிருப்பான் என்று எடுத்து வைத்தேன். மறுநாள் காலை ஏரிக்கரையில் நல்ல குளிர். கிரீஸ் கெட்டியாகிவிட்டது. கைப்பிடியைச் சுற்றினால் சுற்றவே இல்லை. பேரிங் அதை வாங்கிப் பார்த்து, இறந்தவர் வீட்டில் நிற்கிற முகத்தோடு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். உட்கார்ந்து என்ன செய்ய? சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

இங்கேதான் நான் உனக்கு எழுத வேண்டி வந்தது.

சாவி போட்டுக் கதவைத் திறந்து, கூடத்தில் கம்பை மாட்டிவிட்டு என் அறைக்குப் போனேன். உள்ளே பேச்சுக் குரல். கதவைத் தள்ளினால், என் கட்டில் சுவரோரமாக நிமிர்ந்து நிற்கிறது. அதன் மேல் ஒரு போர்வை. என் பெட்டி, மருந்து, செருப்பு எல்லாம் அதற்குப் பின்னால். நடுவில் ஒரு மடக்கு மேசை, மேசையில் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டரில் ஏழெட்டு முகங்கள், எதிரே மருமகள். சேற்றுக் காலோடு நான் நிற்பதை அந்த முகங்கள் அத்தனையும் பார்த்தன. "ஒரு நிமிஷம்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு அவள் திரும்பி, "மாமா, என்ன இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீங்க?" என்றாள். தம்பி, என் சர்வீஸ் முழுக்க எல்லோரும் என்னை "ஏன் லேட்டு" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்தே கேட்பார்கள். ஏன் சீக்கிரம் வந்தாய் என்று என்னை யாரும் கேட்டதில்லை. அவள் கோபமாகக் கேட்கவில்லை, பயந்துபோய்க் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம்தான் சுவரைப் பார்த்தேன். உன் அண்ணி போய்ச் சேர்ந்ததிலிருந்து அங்கே தொங்குகிற அவள் படம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது.

உனக்கு ஒன்று சொல்லியிருக்கிறேனா தெரியாது. சில மாதமாக அந்தப் படம் தினமும் கொஞ்சம் சாய்ந்து தொங்கும். நான் ஏரியிலிருந்து வந்ததும் முதல் வேலையாக அதை நேராக்குவேன். மறுநாள் மறுபடி சாய்ந்திருக்கும். கட்டடம் அதிர்கிறது, லிப்ட் மோட்டாரின் அடித்தளம் தளர்ந்திருக்கிறது என்று முடிவு செய்து, குடியிருப்புச் செயலாளரிடம் போய்ச் சண்டை போட்டு, மோட்டாரை நிறுத்தவைத்து, நானே மேலே ஏறி அதன் போல்ட்டையெல்லாம் இறுக்கிவிட்டு வந்தேன். அப்படியும் படம் சாய்ந்தது. ஆணி சரியில்லை என்று ஆணியை மாற்றினேன். இப்போதுதான் புரிகிறது. நான் கம்பை எடுத்துக்கொண்டு படி இறங்கியதும் படமும் இறங்கியிருக்கிறது. நான் வருவதற்குள் அவசரமாக மறுபடி ஏறியிருக்கிறது. நான் நின்று வெறும் ஆணியைப் பார்ப்பதை மருமகள் பார்த்துவிட்டாள். ஓடிப்போய் அலமாரியைத் திறந்து, துவாலையில் சுற்றி வைத்திருந்த படத்தை எடுத்தாள். "அத்தையப் பத்திரமாத்தான் மாமா வச்சிருக்கேன். பின்னாடி சுவர் வெறுமையா இருக்கணும்னு ஆபீஸ்ல சொல்றாங்க" என்றாள். அவள் கண் கலங்கியது. கம்ப்யூட்டரில் ஒரு முகம் "ஹலோ, ஹலோ" என்றது. நான் கதவைச் சாத்திவிட்டு வந்து கூடத்தில், கம்புக்குக் கீழே, தரையில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் மகனிடம் கேட்டேன். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னான். "அவளுக்கு வேற எடம் எங்கப்பா இருக்கு? முன்னாடி ஹால்ல உக்காந்துதான் வேலை பாத்தா. இப்ப அவ மேசை போடுற மூலையில நீங்க கம்புக்குக் கொக்கி அடிச்சுட்டீங்க." அதாவது, கேட்டுக்கொள், நான் கூடத்தில் தொந்தரவு செய்கிறேன் என்று எனக்குக் கம்பு வாங்கிக் கொடுத்தார்களாம். கம்பு கூடத்தில் தொந்தரவு செய்ததால் என் அறையை எடுத்துக்கொண்டார்களாம். கணக்கு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பார்த்தாயா? "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா" என்றேன். "சொன்னா நீங்க அந்த ரூமச் சரி பண்ண ஆரம்பிச்சிருவீங்கப்பா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஏரிக்கரையில் பேரிங்கிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் துடைப்பதை நிறுத்தவே இல்லை. "என் ரூம்ல பேத்திக்கு டியூஷன் நடக்குது சார். ரொம்ப நாளாத் தெரியும்" என்றார். "அப்புறம் ஏன் சார் இப்படி அஞ்சு கம்பு?" என்று கேட்டேன். "ஒரு கம்பத் துடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? மத்தியானம் வரைக்கும் ஓட்டணும்ல?" என்றார். பிறகு கரை நெடுக உட்கார்ந்திருந்தவர்களைக் கையால் காட்டி, "இங்க மீனுக்காக வந்தவன் யாரும் இல்ல சார்" என்றார். தம்பி, நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரே ஒரு தக்கைதான் தண்ணீரில் இருந்தது. அதிலும் முள் இருந்ததா என்று சந்தேகம்.

எனக்கு அந்த வரிசையில் உட்கார மனமில்லை. அதனால் கேட்கிறேன், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். உன் வீட்டுப் பின்னறை காலியாகத்தானே இருக்கிறது? அதை எனக்குக் கொடு. நீயும் போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டாய். இரண்டு கிழவர்களும் சேர்ந்து உட்கார்ந்து, பேசி, சண்டை போட்டுப் பொழுதை ஓட்டிவிடலாம். நான் எதையும் தொடமாட்டேன். உன் வீட்டில் எது ஆடினாலும், எது சொட்டினாலும் கண்ணை மூடிக்கொள்கிறேன், இது சத்தியம். படத்தை மாட்ட ஓர் ஆணி போதும். ஆணிகூட நானே கொண்டு வருகிறேன். கம்பைக் கொண்டு வரமாட்டேன். பதில் எழுதவெல்லாம் வேண்டாம், நேரே வந்து கூட்டிக்கொண்டு போ. பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறேன்.

உன் மனைவிக்கு என் ஆசிகள், நூறாண்டு நன்றாக இருக்கட்டும். உனக்கும் ஆசி இருக்கிறது. கோபம் தணிந்ததும் தனியாக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஏரிக்கரைக்கு அனுப்பப்பட்ட உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் மனைவி போன் செய்தாள். என்னைக் கூட்டிப் போகச் சொல்லி நான் எழுதிக்கொண்டிருப்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு நிமிஷம் ஆடிப்போனேன். அவள் அதற்குப் போன் செய்யவில்லை. "அத்தான், உங்களுக்குத் தூண்டில் வாங்குனாங்களே, அது எந்தக் கடை? இவரு ரிட்டயர் ஆனதுலேருந்து வீட்டுல ஒரு வேலை ஓட மாட்டேங்குது. பருப்பு டப்பாவயெல்லாம் உயர வரிசையா அடுக்கி வச்சிருக்காரு. கேட்டா கோபம் வேற வருது. உங்களுக்குத் தூண்டில் வாங்கிக் குடுக்கச் சொன்னதே இவருதானே, அதையே இவருக்கும் செஞ்சுடலாம்னு பாக்குறேன்" என்றாள். பின்னறையைப் பற்றி மெதுவாக விசாரித்தேன். அதில் தையல் மெஷின் போட்டுவிட்டாளாம். நீ காலையில் பேப்பர் படிக்கப் போகிற நேரத்தில் இரண்டு பெண்கள் வந்து தைக்கிறார்களாம். உனக்கு இன்னும் தெரியாதாம்.

ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. பெட்டியை அவிழ்த்துவிட்டேன். வரவேண்டாம். எந்தக் கம்பு வாங்குவது என்று அவள் கேட்டாள். நன்றாக வளைகிறதாக, இரண்டாகக் கழலுகிறதாகப் பார்த்து வாங்கு, பேரிங் அதிகமுள்ள ரீலாக எடு, துடைக்க நேரமாகும் என்று சொல்லியிருக்கிறேன். உன் பிறந்த நாளுக்குத் தருகிறாளாம். பிரிக்கும்போது ஆச்சரியப்பட்டது மாதிரி முகத்தை வைத்துக்கொள். ரொம்ப நாளாக இதற்குத்தான் ஆசைப்பட்டேன் என்று சொல். அவள் பாவம், பயந்துகொண்டுதான் தருகிறாள்.